பாசிர் ரிஸ் தாண்டுவதற்குள் வலி, சாங்கியில் மரத்துப்போகிறது: எந்தச் சைக்கிள் சீட்டு வாங்கலாம்?

பொங்கோல் கதிர்:
வணக்கம். சிங்கப்பூரில் வாரக் கடைசியில் பொங்கோலில் கிளம்பி, லோரோங் ஹாலுஸ் பாலம், பாசிர் ரிஸ் பூங்கா வழியாகச் சாங்கி கடற்கரை வரை சைக்கிள் ஓட்டுகிறேன். நேரான ஹேண்டில்பார் உள்ள ஹைபிரிட் வண்டி, ஒருவர் ஓட்டியதை வாங்கியது. வயது 44, எடை 78 கிலோ.

பாசிர் ரிஸ் தாண்டுவதற்குள் உட்காரும் இடம் வலிக்க ஆரம்பித்துவிடுகிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சாங்கியில் இறங்கும்போது முன்பக்கம் மரத்துப்போயிருக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது. மெத்தென்று இருக்கட்டும் என்று ஒரு ஜெல் உறை வாங்கிப் போட்டேன். முதலில் சுகமாகத்தான் இருந்தது, அப்புறம் பார்த்தால் மரத்துப்போவது முன்னைவிடச் சீக்கிரம் வருகிறது. 100 வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) நல்ல சீட்டு எது? அகலமாக, தடித்த மெத்தையோடு இருப்பதாகப் பார்க்கட்டுமா?

பிடோக் மணி:
தம்பி, காசு இப்போதைக்குப் பையிலேயே இருக்கட்டும். முதலில் அந்த ஜெல் உறையைக் கழற்றுங்கள்.

உட்காரும்போது உடம்பின் பாரத்தைத் தாங்க வேண்டியவை இடுப்பெலும்பின் அடியில் இரு பக்கமும் துருத்தி நிற்கும் இரண்டு முனைகள். கெட்டியான நாற்காலியில் உட்கார்ந்து இப்படியும் அப்படியும் அசைந்தால் நன்றாகத் தட்டுப்படும். இரண்டுக்கும் நடுவே இருப்பது சதை, அதற்குள் நரம்பும் ரத்தக் குழாயும் ஓடுகின்றன. மெத்தை தடிமனாக இருந்தால் எலும்பு உள்ளே அமிழ்ந்துவிடும், நடுவில் இருக்கும் மெத்தை எழும்பி நரம்பை அமுக்கும். தூரப் பயணம் போகிறவர்களின் சீட்டு ஒல்லியாக, கெட்டியாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

எலும்பு வலி வேறு, மரத்துப்போவது வேறு. எலும்பு வலி புதிதாக ஓட்டுகிறவர்களுக்குச் சில வாரம் இருக்கும், பழகப் பழகக் குறையும். மரத்துப்போவதைப் பழக்கப்படுத்திக்கொள்ளவே கூடாது. இறங்கிய பிறகும் நெடுநேரம் உணர்வு திரும்பாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள், கூச்சப்பட வேண்டாம்.

மூன்று விஷயம் சொல்லுங்கள். சீட்டின் மூக்கு, அதாவது ஒடுங்கிய முன்முனை, மேலே பார்க்கிறதா, கீழே பார்க்கிறதா? மிதிக்கும்போது இடுப்பு இரண்டு பக்கமும் ஆடுகிறதா? உள்ளங்கை வலிக்கிறதா?

பொங்கோல் கதிர்:
உறையைக் கழற்றிவிட்டேன் அண்ணே. புளோக்கின் கீழ்த்தளத்தில் வண்டியை நிறுத்தி, சீட்டின் மேல் கெட்டி அட்டை போட்ட புத்தகத்தை நீளவாக்கில் வைத்து, அதன் மேல் கைப்பேசியை வைத்து மட்டம் பார்த்தேன். மூக்கு 6 டிகிரி மேலே நிற்கிறது. தரையே சரிவோ என்று அங்கும் வைத்துப் பார்த்தேன், தரை மட்டம்தான். பின்னால் வந்த மனைவி, இடுப்பு நன்றாகவே ஆடுகிறது என்கிறார். கை வலி இல்லை.

பிடோக் மணி:
6 டிகிரி அதிகம். தூக்கி நிற்கும் மூக்கின் மேல்தான் நீங்கள் பாரத்தைப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள், மரத்துப்போகாமல் என்ன செய்யும். இடுப்பு ஆடுகிறது என்றால் சீட்டு உயரமும் அதிகம். கால் கீழே எட்டாததால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு சரிகிறது, சீட்டோடு உரசுகிறது.

உயரத்தை முதலில் சரி செய்யுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள், வழக்கமாகப் போடும் காலணியோடு. பெடலைக் கீழ்க்கோடிக்குக் கொண்டுவந்து குதிகாலை அதன் மேல் வையுங்கள். முழங்கால் நேராக நீண்டு, இடுப்பு சாயாமல் இருந்தால் அதுதான் உயரம். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்காலில் லேசான மடக்கு தானாக வந்துவிடும். ஏற்கெனவே இருந்த உயரத்தில் சீட்டுக் கம்பியைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டி வையுங்கள், பழையபடி வைக்க வேண்டுமென்றால் தேட வேண்டியதில்லை.

அடுத்து மூக்கு. மட்டத்தில் வையுங்கள். அப்படியும் முன்னால் அழுத்தினால் 1 டிகிரி, மிஞ்சினால் 2 டிகிரி கீழே இறக்கலாம். அதற்கு மேல் இறக்கினால் உடம்பு முன்னால் வழுக்கும், பாரம் கைக்குப் போகும், அப்புறம் உள்ளங்கை மரத்துப்போகிறது என்று இந்த மன்றத்தில் புதிதாக ஒரு கேள்வி போட வேண்டிவரும். உயரத்துக்கு ஒரு நாள், மூக்குக்கு இன்னொரு நாள். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

தெம்பனிஸ் தேன்மொழி:
மணியண்ணன் சொன்னது முழுக்கச் சரி. அதோடு அகலத்தையும் அளந்துவிடுங்கள் கதிர், கடைக்குப் போவதற்கு முன்பே அளந்து வைப்பது நல்லது. பெண்களுக்கு அந்த எலும்புகளுக்கு இடையே தூரம் பொதுவாகச் சற்று அதிகம், ஆனால் ஆளுக்கு ஆள் மாறும். வெளியே இருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஒல்லியான ஆளுக்கு அகலமான எலும்பும் இருக்கும், பருத்த ஆளுக்குக் குறுகிய எலும்பும் இருக்கும்.

பார்சல் வந்த அட்டைப்பெட்டியில் இருந்து, உள்ளே அலை அலையாக மடிப்புள்ள அட்டையாக ஒரு துண்டு வெட்டுங்கள். உயரம் குறைந்த கெட்டியான முக்காலியில் அதைப் போட்டு, மெல்லிய கால்சட்டையோடு உட்காருங்கள். குதிகாலைத் தூக்கி முழங்காலை உயர்த்தி, சைக்கிளில் குனிகிற அளவுக்கு முன்னால் சாய்ந்து ஒரு நிமிடம் அப்படியே இருங்கள். எழுந்து பார்த்தால் இரண்டு பள்ளம் இருக்கும். தெரியவில்லை என்றால் அறை விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடியுங்கள், நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும். ஒரு பள்ளத்தின் நடுவில் இருந்து அடுத்ததன் நடு வரை மில்லிமீட்டரில் அளவெடுங்கள்.

ஹைபிரிட் வண்டியில் ஓரளவு நிமிர்ந்துதான் உட்காருவீர்கள். வந்த அளவோடு 25 முதல் 30 மில்லிமீட்டர் வரை கூட்டிக்கொள்ளுங்கள். ரொம்பக் குனிந்து ஓட்டும் ரேஸ் வண்டிக்கு இதைவிடக் குறைவாகப் போதும், நன்றாக நிமிர்ந்து உட்காரும் வண்டிக்கு இன்னும் கூடும்.

செங்காங் தேவா:
தோல் சீட்டை யாரும் சொல்லவில்லையே? புரூக்ஸ் நிறுவனத்தின் பி17 என்ற தோல் சீட்டை எடுத்தால் நாளடைவில் நம் எலும்புக்கு ஏற்றபடி வளைந்து கொடுக்கும்.

தெம்பனிஸ் தேன்மொழி:
நல்ல சீட்டுதான் தேவா, மறுக்கவில்லை. ஆனால் இந்த ஊர் மழையில் தோல் ஊறினால் தொய்ந்துபோகும். வெளித் தாழ்வாரத்தில் நிறுத்துகிறவர்களுக்குப் பூஞ்சைத் தொல்லையும் உண்டு. உறை போட்டு, மெழுகு தடவிப் பார்த்துக்கொள்ள மனமுள்ளவர்கள் வாங்கலாம். அதே நிறுவனம் ரப்பரில் செய்யும் கேம்பியம் வகை நம் மழைக்குத் தோதானது. இரண்டுமே கதிர் சொன்ன 100 வெள்ளிக்குள் புதிதாகக் கிடைப்பது கடினம்.

சாங்கி ரவி:
மூக்கே இல்லாத சீட்டும் இருக்கிறது. அமெரிக்காவில் சைக்கிளில் ரோந்து போகும் போலீசாருக்கு இதே மரத்துப்போகும் தொல்லை. அங்கே பணியிடப் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் என்ற அரசு அமைப்பு, மூக்கில்லாத சீட்டை ஆறு மாதம் கொடுத்து ஓட்டச் சொன்னது. 2008இல் வெளிவந்த முடிவில் பெரும்பாலோருக்கு அந்தத் தொல்லை இல்லாமல் போயிருந்தது. ஆனால் தொடைக்கு நடுவே மூக்கு இல்லாவிட்டால் வண்டியை ஒடித்துத் திருப்புவது வேறு மாதிரி இருக்கும், பழக வேண்டும். மற்றதெல்லாம் பலிக்காதபோது இதை நினைத்துப் பாருங்கள்.

பொங்கோல் கதிர்:
உயரத்தை இறக்கி ஒரு தடவை, மூக்கை மட்டமாக்கி ஒரு தடவை சாங்கி போய் வந்தேன். இப்போது மரத்துப்போவது இல்லை. மிக்க நன்றி அண்ணே! எலும்பு வலி மட்டும் இருக்கிறது, தொடை இடுக்கில் உரசல் வேறு. அட்டையில் அளந்தால் 118 மில்லிமீட்டர் வருகிறது அக்கா. இப்போது இருக்கும் சீட்டு 185 மில்லிமீட்டர் அகலம்.

தெம்பனிஸ் தேன்மொழி:
உரசலுக்குக் காரணம் பெரும்பாலும் அந்த அகலமாக இருக்கும். உங்களுக்கு 143 முதல் 150 வரை இருப்பது சரியாக வரும். நடுவில் பள்ளம் அல்லது திறப்பு உள்ளதாக எடுங்கள். கடையில் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து மெத்தென்று இருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் கடையாக இருந்தால் நல்லது, ஏனென்றால் ஒரு மணி நேரம் ஓட்டாமல் எந்தச் சீட்டையும் தெரிந்துகொள்ள முடியாது.

மீதமுள்ள காசில் உள்ளே திண்டு வைத்த சைக்கிள் கால்சட்டை ஒன்று வாங்குங்கள். அதற்குள் உள்ளாடை போடக் கூடாது. உள்ளாடையின் தையல்தான் வியர்வையில் நனைந்து தோலை அறுக்கிறது. ஒவ்வொரு முறை ஓட்டியதும் துவைத்து உலர்த்துங்கள், நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ஒரு நாள் விட்டாலும் கொப்புளம் வரலாம்.

பொங்கோல் கதிர்:
பழைய பொருள் விற்கும் கரோசல் தளத்தில் 143 மில்லிமீட்டர் சீட்டு ஒன்று 60 வெள்ளிக்கு இருக்கிறது, கார்பன் தண்டவாளம் என்று போட்டிருக்கிறார்கள். எடுக்கலாமா?

பிடோக் மணி:
வேண்டாம் தம்பி. அடியில் ஓடும் அந்த இரண்டு கம்பிகளும் சாதாரண சீட்டில் 7 மில்லிமீட்டர் உருண்டையாக இருக்கும், அவற்றைப் பிடிக்கும் உங்கள் வண்டியின் கவ்வியும் பெரும்பாலும் அதற்குத்தான் செய்திருப்பார்கள். கார்பன் கம்பி முட்டை வடிவத்தில் 9 அல்லது 10 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். உருண்டைக் கம்பிக்கான கவ்வியில் வைத்து முறுக்கினால் கார்பன் விரிசல் விடும், ஓட்டும்போது ஒடிந்தால் ஆபத்து. இரும்புக் கம்பி, குரோமோலி (ஒரு வகை எஃகு) கம்பி என்று போட்டிருப்பதாக அதே அகலத்தில் தேடுங்கள், விலையும் குறையும். நேரில் போகும்போது கம்பி வளைந்திருக்கிறதா, மூக்குப் பக்கம் கீறல் விழுந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து வாங்குங்கள். மாட்டும்போது மறுபடி உயரத்தை அளக்க வேண்டும், புதுச் சீட்டின் தடிமன் வேறாக இருக்கும்.