முதல் சோதனையில் சர்க்கரை சரியாக இருந்தால், மறுபடியும் பார்க்க வேண்டுமா?

கேள்வி:
எனக்கு இது கர்ப்பத்தின் 12ஆவது வாரம், முதல் குழந்தை. என் அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் தொடக்கத்திலேயே எனக்கும் சோதித்தார்கள். வெறும் வயிற்றில் 84 வந்தது. ஆனாலும் 24ஆவது வாரத்துக்குப் பிறகு குளுக்கோஸ் குடித்து மறுபடியும் சோதிக்க வேண்டும் என்கிறார்கள். எந்தத் தொந்தரவும் இல்லாத நிலையில் அது தேவைதானா?

பதில் 1:
தேவைதான், தயவுசெய்து தவிர்த்துவிடாதீர்கள். கர்ப்பம் வளர வளர நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையை மந்தப்படுத்துகின்றன; அதை ஈடுகட்டும் அளவுக்குக் கணையத்தால் கூடுதலாகச் சுரக்க முடியாதபோதுதான் சர்க்கரை ஏறுகிறது. இது பெரும்பாலும் ஆறாம் மாதத்தையொட்டியே வெளிப்படும் என்பதால், சோதனையை 24 முதல் 28 வாரங்களுக்குள் வைக்கிறார்கள். இப்போது பார்த்தது வேறொன்றுக்காக: கர்ப்பத்துக்கு முன்பே தெரியாமல் சர்க்கரை நோய் இருந்ததா என்று அறிவதற்காக. பெரும்பாலோருக்கு அறிகுறி எதுவும் தெரிவதில்லை.

பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ சர்க்கரை நோய் இருப்பது, கூடுதல் உடல் எடை, பிசிஓஎஸ் எனும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, முந்தைய கர்ப்பத்தில் சர்க்கரை ஏறியிருப்பது ஆகியவை வாய்ப்பை அதிகரிக்கின்றன. இவற்றில் ஒன்றுகூட இல்லாதவர்களுக்கும் வருகிறது என்பதை மறக்க வேண்டாம்.

பதில் 2:
என் முதல் குழந்தை 4.2 கிலோ எடையுடன் பிறந்தது. அதுவும் ஓர் எச்சரிக்கைதான் என்பது எனக்கு அப்போது தெரியாது. இரண்டாவது கர்ப்பத்தில், 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரை அவசரமாகக் குடித்து இருபதாவது நிமிடத்தில் வாந்தி எடுத்துவிட்டேன். சோதனையை வேறொரு நாளில் முதலிலிருந்து செய்ய நேர்ந்தது. ஐந்து நிமிடத்துக்குள் மெதுவாகக் குடியுங்கள், சோதனை முடியும்வரை உட்கார்ந்தே இருங்கள். எண் குறைவாக வரட்டும் என்று முந்தைய நாட்களில் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள்; முடிவு தவறாகிவிடும்.

எனக்கு வெறும் வயிற்றில் 88, ஒரு மணி நேரத்தில் 191, இரண்டு மணி நேரத்தில் 149. உலக சுகாதார நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டு வரையறைப்படி முறையே 92, 180, 153 ஆகிய அளவுகளில் ஒன்றை எட்டினாலே கர்ப்பகாலச் சர்க்கரை நோய்தான். உணவு மாற்றமும் நடைப்பயிற்சியுமே எனக்குப் போதுமானதாக இருந்தன. சிலருக்கு இன்சுலின் தேவைப்படலாம்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை இதற்கு ஈடாகாதா?

பதில் 1:
ஆகாது. கர்ப்பத்தில் இரத்தச் சிவப்பணுக்கள் விரைவாகப் புதுப்பிக்கப்படுவதால் அந்த எண் இயல்பைவிடக் குறைந்தே காட்டும். மேலும், சாப்பிட்டபின் சர்க்கரை எவ்வளவு ஏறுகிறது என்பது சராசரியில் மறைந்துவிடும். 24ஆவது வாரத்துக்கான தேதியை இப்போதே குறித்து வையுங்கள்.