புதுப்பிப்பு: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் தாத்தா வீடு கிடைத்துவிட்டது

1984-இல் விற்கப்பட்ட எங்கள் தாத்தாவின் வீட்டை, பழைய கதவு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எப்படிக் கண்டுபிடிப்பது என்று இங்கே கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

கதவு எண்கள் மாறிவிட்டதால் தெருவில் விசாரித்ததில் பயனில்லை. பலன் தந்தது, ஒரு சொத்தின் மீது பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பார்க்கச் சொன்ன அன்பரின் யோசனைதான். அத்தையின் டிரங்குப் பெட்டியில் கிடைத்த காகிதத்தில் இருந்த சர்வே எண்ணைக் கொண்டு பதிவுத்துறை இணையதளத்தில் தேடியதில் கிரயப் பத்திரத்தின் எண் தெரிந்தது. அதைக் குறிப்பிட்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் பெற்றோம். தேடுபவர்கள் அந்த நகலில் செக்குபந்தியை, அதாவது சொத்தின் நான்கு எல்லை விவரத்தை, கவனமாகப் படியுங்கள். "பொதுக் கிணற்றுச் சந்துக்கு வடக்கு" என்ற ஒரு வரிதான் எங்களை வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.

ஆடி அமாவாசையன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் அப்பாவும் சித்தப்பாவும் தர்ப்பணம் கொடுத்த பிறகு, முன்பே அனுமதி கேட்டிருந்தபடி எல்லோரும் அந்த வீட்டுக்குச் சென்றோம். திண்ணையை இடித்துவிட்டார்கள். ஆனால் நாங்கள் சற்றும் எதிர்பாராத விதமாக, ஆயாவின் ஆட்டுக்கல் கொல்லையில் முருங்கை மரத்தடியில் அப்படியே இருந்தது. நடுவில் தேய்ந்த குழியில் மழைநீர் தேங்கியிருந்தது. அத்தை அதைக் கையால் துடைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கார அம்மா தாமாகவே அகல் விளக்கு கொண்டுவந்து, "மாடத்துல நீங்களே ஏத்துங்க" என்றார். அத்தைதான் ஏற்றினார்.