குறைந்த விலைக் கார் வைத்திருப்பவர்கள் அதே நிறுவனத்தின் காரை மறுபடியும் வாங்குவீர்களா? (அவசரம்)

தேய்ந்த_டயர்:
வணக்கம். வேலைக்கு நடுவே எழுதுவதால் சுருக்கமாகக் கேட்கிறேன். குறைந்த விலைக் கார்களை மட்டுமே விற்கும் ஒரு நிறுவனத்தின் கார் என்னிடம் இருக்கிறது. நெரிசலில் நின்று கிளம்பும்போது வண்டி நடுங்குகிறது. சில சமயம் கியர் தானாகவே நியூட்ரலுக்குப் போய்விடுகிறது. சர்வீஸ் சென்டரில் முழு யூனிட்டையும் மாற்றச் சொல்கிறார்கள். அவ்வளவு செலவழிப்பதற்குப் பதிலாக இதை விற்றுவிட்டு அதே நிறுவனத்தின் புதிய காரை வாங்கலாமா, அல்லது அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாதா? வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் முடிவெடுக்க வேண்டும்.

நெம்புகோல்:
எந்த நிறுவனம், எந்த மாடல், எத்தனை வருடம் ஓடியது, மொத்தம் எத்தனை கிலோமீட்டர், பெட்ரோலா டீசலா என்ற ஐந்தில் ஒன்றைக்கூட நீங்கள் சொல்லவில்லை. "முழு யூனிட்" என்பது எதை? கியர்பாக்ஸையா, கிளட்சை இயக்கும் ஆக்சுவேட்டரையா? தானாக நியூட்ரலுக்குப் போகிறது என்பதை வைத்து இது ஏ.எம்.டி. (கிளட்ச் மிதி இல்லாமல் கியர் தானாக மாறும்) வண்டி என்று ஊகிக்கிறேன். ஊகத்தின் மேல் யோசனை சொன்னால் உங்கள் பணம்தான் வீணாகும்.

எண்ணெய்க்கறை:
பேட்டரியைப் பாருங்கள். இந்தத் தளத்தில் நான் எப்போதும் இதையேதான் சொல்கிறேன் என்று கேலி செய்வார்கள், பரவாயில்லை. ஏ.எம்.டி. என்பது சாதாரண கியர்பாக்ஸ்தான். ஓட்டுநரின் காலும் கையும் செய்யும் வேலையை மின்சாரத்தில் இயங்கும் பம்போ மோட்டாரோ செய்கிறது. பேட்டரி தளர்ந்திருந்தாலும், எர்த் ஒயர் உடலோடு சேரும் இடத்தில் துரு பிடித்திருந்தாலும், அந்த மோட்டாருக்குப் போதிய மின்னழுத்தம் கிடைக்காமல் கட்டுப்பாட்டு யூனிட் பயந்துபோய் நியூட்ரலுக்குத் தள்ளிவிடும். ஒரு போல்ட்டைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து மறுபடியும் முறுக்கியதிலேயே சரியான வண்டியை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது_கியர்:
பத்து வருடங்களாக இங்கே எழுதிவருகிறேன். மாதம் ஒருமுறை இதே கேள்வி வேறு பெயரில் வருகிறது. மேலே உள்ள தேடல் பெட்டி அலங்காரத்துக்காக வைக்கப்பட்டதல்ல. ஏ.எம்.டி. வண்டியை மேட்டில் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடியே நிறுத்திவைப்பவர்களுக்கு கிளட்ச் பிளேட் கருகத்தான் செய்யும். ஓட்டத் தெரியாததற்கு நிறுவனத்தைக் குறை சொல்வது புதிதல்ல.

சாரல்:
கேள்வி கேட்டவர் யாரையும் குறை சொல்லவில்லையே, ஐயா. மறுபடியும் வாங்கலாமா என்றுதான் கேட்டார்.

நான் இப்படிப்பட்ட நிறுவனத்தின் கார் ஒன்றைப் பதினோரு வருடங்களாக வைத்திருக்கிறேன். கதவைச் சாத்தினால் தகர டப்பா சத்தம் கேட்கும். ஏ.சி. திருகு மூன்றாம் வருடமே விரிசல் விட்டது. பசை தடவி ஒட்டியிருக்கிறேன், குளிர் எவ்வளவு வேண்டும் என்பதை இப்போது விரல் நுனியாலேயே அறிந்துகொள்கிறேன். பின்கதவு ரப்பர் வெயிலில் சுருங்கித் தொங்குகிறது. ஆனால் இந்தப் பதினோரு வருடங்களில் வண்டி என்னை வழியில் நிறுத்தியது இரண்டே முறை, இரண்டும் பஞ்சர். செலவுகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன். அதைப் புரட்டினால் டயர், பேட்டரி, பிரேக் பேட், ஆயில் ஆகிய நான்கும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. மறுபடியும் வாங்குவேன்.

மலிவு என்றாலே மட்டம் என்று பொருளல்ல. ருமேனியாவின் டாசியா நிறுவனத்தை ரெனோ 1999-இல் வாங்கி, 2004-இல் லோகன் காரை வெளியிட்டபோது, கதவுக்கு வெளியே பின்புறம் பார்க்க வைக்கும் இடப்பக்கக் கண்ணாடியும் வலப்பக்கக் கண்ணாடியும் ஒன்றாகவே இருக்கும்படி வடிவமைத்தார்கள். ஒரே அச்சு, ஒரே உதிரிபாகம். விலை குறைந்தது இப்படிப்பட்ட யோசனைகளால்.

கணக்குப்பிள்ளை:
சாரல் அவர்களின் நோட்டுப் புத்தகத்தை மதிக்கிறேன். ஆனால் "மறுபடியும் வாங்குவீர்களா" என்ற கேள்விக்கு இங்கே பதில் சொல்ல வருபவர் யார் என்று பாருங்கள்: நல்ல வண்டி வாய்த்தவரும், மிகவும் நொந்துபோனவரும். நடுவில் இருக்கும் பெரும்பாலானவர்கள் வண்டியைப் பற்றி நினைப்பதே இல்லை. விலை குறைவு என்பதால் எதிர்பார்ப்பையும் குறைத்துக்கொண்டு வாங்கியவர், சிறு குறைகளைக் குறையாகவே எண்ணமாட்டார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, மறுபடியும் வாங்க அந்தப் பெயர் இருக்க வேண்டுமே! நிசான் நிறுவனம் 1980-களில் கைவிட்ட டாட்சன் பெயரைக் குறைந்த விலைக் கார்களுக்காக மீட்பதாக 2012-இல் அறிவித்தது. 2022-இல் மறுபடியும் மூடிவிட்டது. மலிவு விலைப் பெயரில் லாபம் மெல்லியது. கணக்கு ஒத்துவராவிட்டால் முதலில் போவது அதுதான். பாதுகாப்பையும் பாருங்கள்: நீங்கள் புகழும் டாசியாவின் சாண்டெரோ, 2021-இல் ஐரோப்பாவின் யூரோ என்காப் கார் பாதுகாப்புச் சோதனையில் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான் பெற்றது.

சாரல்:
அந்த இரண்டு நட்சத்திரத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்றும் சொல்லுங்கள். பெரியவர்களின் பாதுகாப்பு, குழந்தைகளின் பாதுகாப்பு, சாலையில் நடப்பவர்களின் பாதுகாப்பு, ஓட்டுநருக்கு உதவும் மின்னணுக் கருவிகள் என்று அப்போதைய சோதனையில் நான்கு பகுதிகள் இருந்தன. நான்கில் எது பின்தங்கினாலும் மொத்த நட்சத்திரம் இறங்கிவிட்டது. அந்தக் கார் கடைசி இரண்டில் பின்தங்கியது. அதன் உடற்கூடு நொறுங்கிப்போனதாகப் பொருளல்ல.

கணக்குப்பிள்ளை:
நடப்பவர் மீது மோதும் முன் தானாக பிரேக் பிடிக்கும் கருவியை அலங்காரம் என்கிறீர்களா? நடப்பவரைக் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது_கியர்:
2014-இல் குளோபல் என்காப் என்ற அமைப்பு இந்தியக் கார்களை மோதவிட்டுச் சோதித்தபோது காற்றுப்பை இல்லாத ஐந்து கார்களும் பூஜ்யம் வாங்கின. அவற்றில் மலிவான டாடா நானோவும் இருந்தது, அதைவிட விலை கூடிய ஃபோக்ஸ்வாகன் போலோவும் இருந்தது. அதே போலோவில் இரண்டு காற்றுப்பைகளை வைத்துச் சோதித்தபோது நான்கு நட்சத்திரம் வந்தது. பிராண்டைப் பார்க்காதீர்கள், வாங்கப்போகும் வேரியண்டில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள் என்று நான் எழுதி எத்தனை வருடம் ஆகிறது!

நெம்புகோல்:
இதில் மூன்றாவது_கியர் சொல்வது சரி, சொல்லும் விதம்தான் எப்போதும் போல. நட்சத்திரச் சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டவர் வெள்ளிக்கிழமை என்றார்.

தேய்ந்த_டயர்:
மன்னிக்கவும், இப்போதுதான் பார்க்கிறேன். ஏ.எம்.டி., பெட்ரோல், ஆறு வருடம், 74,000 கிலோமீட்டர். பேட்டரி வண்டியோடு வந்ததே. மாற்றச் சொன்னது ஆக்சுவேட்டரை. மேட்டில் நிறுத்துவது பற்றி ஒருவர் எழுதியிருந்தார். என் அலுவலகத்தின் வாகன நிறுத்துமிடம் தரைக்குக் கீழே இருக்கிறது, மாலையில் அந்தச் சரிவில் வரிசையாகத்தான் ஏற வேண்டும். அப்போது சில நாள் கருகல் வாடை வரும்.

எண்ணெய்க்கறை:
ஆறு வருடப் பேட்டரி! நான் சொன்னேனா இல்லையா?

நெம்புகோல்:
சொன்னீர்கள், ஆனால் மின்சாரக் கோளாறில் கருகல் வாடையோடு நடுக்கமும் சேர்ந்து வராது. இப்போது படம் தெளிகிறது. கிளட்ச் பிளேட் தேய்ந்தால் பிடிமானம் கிடைக்கும் இடம் தள்ளிப்போகும். ஆக்சுவேட்டர் தன் எல்லை வரை போயும் அந்த இடம் கிடைக்காவிட்டால், கட்டுப்பாட்டு யூனிட் பிழையைப் பதிந்துவிட்டு நியூட்ரலுக்குப் போகும். ஸ்கேனரில் தெரியும் பிழை எண்ணைப் பார்த்துவிட்டு, ஆக்சுவேட்டரைத்தான் மாற்ற வேண்டும் என்று சொல்வது எளிது. ஆகவே முதலில் புதிய பேட்டரி அல்லது கடனாக ஒரு நல்ல பேட்டரி. அதற்குப் பிறகும் தொடர்ந்தால் ஏ.எம்.டி. தெரிந்த வெளி மெக்கானிக்கிடம் காட்டி, பிழை எண்ணை எழுத்தில் வாங்கி, கிளட்சைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கிளட்சை மாற்றினால் ஸ்கேனரை இணைத்துப் புதிய பிடிமான இடத்தைக் கட்டுப்பாட்டு யூனிட்டுக்குக் கற்பிக்க வேண்டும். அதைச் செய்யாமல் வண்டியைக் கொடுத்தால் நடுக்கம் அப்படியே இருக்கும், பழி மறுபடியும் ஆக்சுவேட்டர் மேல் விழும்.

அடுத்த காரைப் பற்றி: உங்கள் பழுது தேய்மானம் என்று உறுதியானால் அதை வைத்து நிறுவனத்தை ஒதுக்குவது நியாயமல்ல. ஒரு பழுதை ஆராயாமல் விலை உயர்ந்த பாகத்தை மாற்றச் சொல்லும் சர்வீஸ் சென்டர்தான் உங்கள் பகுதியில் அந்த நிறுவனத்துக்கு இருக்கும் ஒரே இடம் என்றால், அது ஒதுக்குவதற்குப் போதிய காரணம். குறைந்த விலைக் காரில் நீங்கள் வாங்குவது பாதி வண்டி, பாதி அந்தப் பட்டறை.

தேய்ந்த_டயர்:
பேட்டரி மாற்றியும் நடுக்கம் நிற்கவில்லை. வெளி மெக்கானிக் கிளட்சைக் கழற்றினார். பிளேட்டில் ரிவெட் தலைகள் வெளியே தெரிந்தன, ஓரம் நீலம் பாய்ந்திருந்தது. ஆக்சுவேட்டருக்கு ஒன்றுமில்லை. மாற்றி, ஸ்கேனரில் கற்பித்தாயிற்று. நன்றாக ஓடுகிறது. விற்கவில்லை. அனைவருக்கும் நன்றி.

கணக்குப்பிள்ளை:
மகிழ்ச்சி. ஆனால் தலைப்பில் கேட்ட கேள்விக்கு உங்கள் சொந்தப் பதில் என்ன? அதே நிறுவனத்தை மறுபடியும் வாங்குவீர்களா?

எண்ணெய்க்கறை:
புதிய பேட்டரியும் வீண் போகாது, பழையதற்கு ஆயுள் முடிந்துதான் இருந்தது.

நெம்புகோல்:
நிறுவனத்தின் பெயரையும் மாடலையும் இப்போதாவது சொல்லுங்கள், நண்பரே. அடுத்து இதே நடுக்கத்தோடு தேடி வருபவருக்கு உதவும்.

சாரல்:
ஒரு மாதம் ஆகிவிட்டது. அவர் வண்டியும் ஓடுகிறது, அவரும் எங்கோ ஓடிவிட்டார்.