குரூப்பில் சேர்த்தும் பெர்மிஷன் வரவில்லை (ஜாங்கோ – பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்)

கேள்வி – அம்பாசமுத்திரம்
அண்ணாச்சிமாரே, இங்கே ஒரு அரிசி ஆலைக்கு பில்லிங் மென்பொருள் எழுதுகிறேன். பிசானப் பருவ நெல் அறுவடைக்கு வரும் தற்காலிக ஆட்களுக்கு ஸ்கிரிப்டே கணக்கு திறந்து 'எடைமேடை' குரூப்பில் சேர்க்கிறது. சேர்க்கும் முன்னும் பின்னும், பெர்மிஷன் இருக்கிறதா என்று சொல்லும் ஹேஸ்_பெர்ம் வைத்துச் சோதிக்கிறேன். இரண்டு தடவையும் ஃபால்ஸ். அட்மினில் பார்த்தால் குரூப் சரியாக இருக்கிறது. வாசலில் நெல் லாரி நிற்கிறது, உதவுங்கள்.

பதில் – பாளையங்கோட்டை
முதல் சோதனையிலேயே பெர்மிஷன்கள் அந்த யூசர் ஆப்ஜெக்டில் கேஷ் ஆகிவிடும், அதாவது பழைய விடையே நினைவில் தங்கிவிடும். ஃபீல்டுகளை டேட்டாபேஸிலிருந்து மறுபடி ஏற்றும் ரெஃப்ரெஷ்_ஃப்ரம்_டிபி போட்டாலும் அது போகாது. டேட்டாபேஸிலிருந்து யூசரைப் புதிதாக எடுத்துச் சோதியுங்கள். அவசரத்துக்கு சூப்பர்யூசர் ஆக்கிவிடாதீர்கள், எல்லாச் சோதனைக்கும் ட்ரூ வந்துவிடும்.

பதில் – தென்காசி
அண்ணாச்சி சொன்னது சரி. அப்புறம், அறுவடை முடிந்ததும் கணக்கை டெலீட் செய்யாதீர்கள், கணக்கு செயலில் உள்ளதா என்று குறிக்கும் இஸ்_ஆக்டிவை ஃபால்ஸ் ஆக்கினால் போதும். பில் டேபிளில் கேஸ்கேட் இருந்தால் ஆளோடு பில்லும் அழியும். நாளைக்கு ஒரு சம்சாரி (விவசாயி) வந்து எடை குறைகிறதே என்று கேட்டால், போட்டது யார் என்று காட்ட வேண்டாமா? அது அவர் வயிற்றுப்பாடு.

கேட்டவர்
புதிதாக எடுத்ததும் ட்ரூ வந்துவிட்டது. கேஸ்கேடை, பில் உள்ள ஆளை டெலீட் செய்ய விடாத ப்ரொடெக்ட் ஆக மாற்றுகிறேன். ரொம்ப நன்றி அண்ணாச்சி.