குடியாத்தம் பக்கம் பழைய சினிமா கொட்டகை – ஆபரேட்டர் வேலை தெரிஞ்சவங்க தேவை

வணக்கம் உறவுகளே. குடியாத்தம் பக்கத்தில் எங்க ஊர் பழைய கொட்டகையை நாங்க பத்துப் பேர் ஞாயிறுதோறும் சரி பண்றோம். ஓடு மாத்தியாச்சு. ஆபரேட்டர் ரூமைத் திறந்தா புரொஜெக்டர் அப்படியே நிக்குது! உள்ளே பாதி எரிஞ்ச கார்பன் குச்சி, செம்புப் பூச்சு இன்னும் மின்னுது. ரெண்டு குச்சிக்கு நடுவில் எரியுற வெளிச்சத்தில்தான் அன்னைக்குப் படமே ஓடும். தேயத் தேய குச்சியை நெருக்கிக்கிட்டே இருக்கணும். ஆயிரம் அடி ரீல் 11 நிமிஷத்தில் முடிஞ்சிடும்.

அந்த வேலை தெரிஞ்ச பெரியவங்க வேலூர், ஆம்பூர், ஆரணி பக்கம் இருந்தா சொல்லுங்க. நாங்களே வண்டி வெச்சுக் கூட்டிட்டு வர்றோம். அவங்க வந்து பார்க்குற வரை மெஷின்ல கரண்ட் கொடுக்க மாட்டோம்.

கார்பன் குச்சி இருந்தா விலைக்கு வாங்கிக்கிறோம். 1989-க்கு முந்தின, ‘வட ஆற்காடு மாவட்டம்’னு அச்சடிச்ச நோட்டீஸ், டிக்கெட் இருந்தா ஒரு போட்டோ எடுத்து கமெண்ட்ல போடுங்க.