கூட்டத்துச் சீட்டில் கிடைத்த கதை: இன்னும் உங்களை விடாதது எது?

பென்னாகரம் சாலை:
எங்கள் கதைக் கூட்டத்தின் டிபன் பாக்ஸ் வழக்கம் இங்கே பலருக்குத் தெரியும். தான் எழுதப்போவதில்லை என்று உறுதியாகிவிட்ட கதைக்கரு ஒன்றை மட்டும் சீட்டில் எழுதி அந்த டிபன் பாக்ஸில் போட வேண்டும். சீட்டு எடுக்கும்போது யாருக்கு வருகிறதோ, அதை எழுதுவது அவர் பாடு. எனக்கு வந்ததில் ஒரே வரி: "பட்டுக்கூட்டைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கிறவர்."

தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குப் போனேன். ஆளைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. குவியலிலிருந்து ஒரு கூட்டை எடுத்து வலது காதருகே ஆட்டினார். உள்ளே கூட்டுப்புழு தட்டும் சத்தம் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. இன்னும் சிலவற்றை ஆட்டிவிட்டு விலை சொன்னார். கதை இவர்தான் என்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது, எடை போட்டு முடித்த இடத்தில் உருண்டு கிடந்த ஒற்றைக் கூட்டை ஓர் அம்மா குனிந்து எடுத்தார். தூசியை ஊதினார். முந்தானை நுனியில் வைத்து இறுக்கி முடிந்துகொண்டார்.

"எதற்கம்மா?" என்றேன்.

"இது எடையில் ஏறாதது, சாமி" என்று சொல்லிவிட்டுப் பாலக்கோடு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

அன்றிலிருந்து சீட்டில் இருந்த மனிதர் கதைக்குள் வர மறுக்கிறார். எழுத உட்கார்ந்தால் அந்த முடிச்சுதான் வருகிறது. உங்களுக்கும் இப்படி நேர்ந்திருக்கிறதா?

ராயக்கோட்டை அக்கா:
எனக்கு வந்த சீட்டு, "துரியோதனனைச் செய்தவர்." நம் பக்கத்தில் பாரதக் கூத்தின் படுகளம் பார்க்காதவர் உண்டா? மண்ணில் மல்லாந்து கிடக்கும் அந்தப் பெரிய உருவம், சுற்றிச் சுற்றி ஓடும் பீமன், தொடையில் விழும் அடி, கூந்தல் முடியும் திரௌபதி. எல்லாக் கண்ணும் அங்கேதான் இருக்கும். நான் சீட்டுக்காக, மண்ணைக் குழைத்து அந்த உருவத்தைச் செய்தவரைத் தேடினேன். களத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புளியமரத்தடியில் உட்கார்ந்து, வேப்பங்குச்சியால் நகக்கண்ணிலிருந்த மண்ணை எடுத்துக்கொண்டிருந்தார். மத்தளம் உச்சத்துக்குப் போயிற்று, சனம் கூச்சலிட்டது. அவர் திரும்பவில்லை.

"பார்க்கவில்லையா அண்ணா?"

"இந்த வருடம் மூக்கு நன்றாக அமைந்துவிட்டது, அம்மா."

அவ்வளவுதான். அதற்குள் சனம் அந்த உருவத்தின் மண்ணை அள்ள ஓடிவிட்டது. குதிரில் போட்டால் தானியம் குறையாது என்பது நம்பிக்கை. அந்த மூக்கு யார் வீட்டுக் குதிருக்குள் போயிற்றோ என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

காவேரிப்பட்டினம்:
பென்னாகரம் தம்பி, அந்தப் பட்டுக்கூட்டுச் சீட்டை எழுதியவன் நான்தான். நீங்கள் பார்த்தவர் என் சித்தப்பா. அவருக்கு வலது காது அறவே கேட்காது. சிறு வயதில் சீழ் வைத்துப் போன காது. அந்தக் காதருகேதான் எப்போதும் ஆட்டுவார். உள்ளே புழு முட்டுவது அவருக்கு விரலில் தெரிகிறது. காதருகே கொண்டுபோவது எதிரில் நிற்கிற விவசாயிக்காக. எனக்கு இது தெரிந்திருந்ததால்தான் எழுத முடியவில்லை. நீங்கள் சத்தத்தைக் கேட்டுவிட்டு, முடிச்சு பெரிது என்கிறீர்கள். கையில் கொடுத்த கதையைக் கீழே போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள்.

அரூர் பெரியவர்:
எனக்கு வந்தது, நம் பக்கத்துக் கிராம தெய்வமான வேடியப்பன் பற்றிய சீட்டு. சாலையோரக் கோயிலில் பூசாரி எண்ணெய்ப் பிசுக்கையும் மஞ்சளையும் துடைத்துக் காட்டினார். கல்லில் வில்லேந்திய ஆள், அவன் நெஞ்சில் தைத்த அம்பு. எனக்குத் தூக்கம் போயிற்று.

ஆனால் இளையவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சீட்டை நம்பிக் கதை எழுதக் கூடாது. நம் பக்கத்தில் வேடியப்பன் என்று கும்பிடுகிற கல் பலவும், விழுந்த வீரனின் நினைவாக நட்ட நடுகல்தான். முதலில் தருமபுரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போய் நடுகற்களின் முன் நில்லுங்கள். அவற்றில் உள்ள பழைய வட்டெழுத்தைப் படிக்கத் தெரியாவிட்டாலும், அதில் வரும் 'தொறு' என்றால் மாட்டு மந்தை என்பதையாவது தெரிந்துகொள்ளுங்கள். மந்தையை மீட்கப் போய் விழுந்தவனுக்கு நட்ட கற்களே அதிகம். தொல்காப்பியத்தில் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று கல் நடுவதற்கே ஆறு நிலைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சிறுகதைக்குத் தாங்கும். கிருஷ்ணகிரிப் பக்கம் மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்புக்கால மாதிரியின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்கள். அங்கே போய் வந்தவர் நம் கூட்டத்தில் எத்தனை பேர்? இன்னொன்று, யாரைப் பார்த்தாலும் "எதற்கு" என்று கேட்காதீர்கள். கேட்டால் பதில்தான் கிடைக்கும், கதை கிடைக்காது. கையடக்க நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். பென்சில் நல்லது, மழையில் அழியாது.

ஊத்தங்கரை:
ஐயா, நெஞ்சில் தைத்த அம்பை ஒரு வரியில் முடித்துவிட்டுப் பென்சில் வரைக்கும் வந்துவிட்டீர்கள். பூசாரி துடைத்தபோது என்ன சொன்னார்? அதைச் சொல்லுங்கள், அதுதான் வேண்டும். "எதற்கு" என்று கேட்டதால்தானே தம்பிக்கு "எடையில் ஏறாதது" கிடைத்தது?

எங்கள் வீட்டில் மல்பெரி உண்டு, கூடு கட்டுவதற்கான சந்திரிகைத் தட்டில் புழு ஏற்றி வளர்ந்தவள் நான் என்பதால் ஒன்று சொல்கிறேன். விற்கிற கூட்டை வேகவைத்துவிடுவார்கள், பூச்சி வராது. முடிந்துகொண்டு போன கூடு அப்படியில்லை. புழு கூடு கட்டிய பத்துப் பன்னிரண்டு நாளில் அந்துப்பூச்சி ஓட்டை போட்டு வெளியே வந்துவிடும். ஓட்டை விழுந்த கூட்டில் ஒரே இழையாக நூல் எடுக்க முடியாது. அது அந்த அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் முடிந்திருக்கிறார்.

அரூர் பெரியவர்:
பூசாரி சொன்னது, "இவர் எங்கள் பங்காளி, மெதுவாகப் பேசுங்கள்."

பென்னாகரம் சாலை:
காவேரிப்பட்டினம் அண்ணா, சித்தப்பாவை அடுத்த கூட்டத்துக்கு அழைத்து வர முடியுமா? கதையில் இருவருக்கும் இடம் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

காவேரிப்பட்டினம்:
கேட்டேன். கதை எழுதினால் கூட்டின் விலை இறங்குமா என்று விசாரித்தார். இறங்காது என்றேன். பிறகு எதற்கு வர வேண்டும் என்கிறார்.