மறு: பேஸ் ஐசோலேட்டருக்குத் தமிழ்ச் சொல் – ‘பிரிதாங்கி’ சரியாக வருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சால்ட் லேக் நகரத்தில் இருக்கும் மார்மன் (ஒரு கிறிஸ்தவ சமயப் பிரிவு) ஆலயத்தைப் பற்றிய கட்டுரைக்காக, பேஸ் ஐசோலேட்டர் என்ற கருவிக்கு, அதாவது நிலநடுக்கத்தின்போது கட்டடத்தை நிலத்தின் அசைவிலிருந்து பிரிக்க அடியில் வைக்கும் தாங்கிக்கு, ஒரு தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன். அதற்கு இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன: அடித்தளத் தனிமைப்படுத்தி, அதிர்வுதாங்கி, நிலநடுக்கத் தடுப்பான். மூன்றுமே எனக்கு ஒப்பவில்லை. காரணத்தைச் சொல்வதற்கு முன் அந்தக் கட்டடத்தின் கடைக்கால் (அஸ்திவாரம்) பட்ட பாட்டைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால்தான் நாம் எதற்குப் பெயர் வைக்கிறோம் என்பதே பிடிபடும்.

பிரிகாம் யங் தலைமையில் மார்மன்கள் அந்தப் பள்ளத்தாக்கில் வந்து இறங்கியது 1847 ஜூலையில். வந்த சில நாட்களிலேயே அவர் ஆலயத்துக்கு இடம் குறித்துவிட்டார். இல்லினாய் மாநிலத்தின் நாவூவில் பாடுபட்டுக் கட்டிய ஆலயத்தை விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள். அந்த ஆலயத்துக்கு 1848இல் யாரோ தீ வைத்தார்கள், எஞ்சி நின்ற சுவர்களை 1850இல் சூறாவளி சாய்த்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், புதிய ஆலயத்துக்குப் 16 அடி அகலத்தில் கடைக்காலும் தரைமட்டத்தில் 9 அடி கனத்தில் சுவரும் எதற்கு என்ற கேள்வியே எழாது. இனி இதை யாரும் அசைக்கக் கூடாது என்று நினைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

1853 ஏப்ரல் 6 அன்று மூலைக்கற்களை வைத்தார்கள். கட்டடக் கலைஞர் ட்ரூமன் ஏஞ்சல். நாலைந்து வருடம் போவதற்குள் அமெரிக்க அரசு யூட்டா மீது படையை அனுப்பியது. 1858இல் படை நகரத்துக்குள் வருவதற்கு முன்பு, போட்ட கடைக்கால் மொத்தத்தையும் மண் கொட்டி மூடி, உழுது போட்ட வயல் மாதிரி ஆக்கிவிட்டார்கள். பதற்றம் தணிந்து, பிறகு மண்ணை அகற்றிப் பார்த்தால் மணற்கல்லில் விரிசல். பழுதான கற்களைப் பெயர்த்து எடுத்துவிட்டு மறுபடி போட்டார்கள். ஆண்டுக்கணக்கான உழைப்பு அது, ஆனால் அந்த முடிவை எடுத்திருக்காவிட்டால் மேலே எழுப்பிய சுவர் எதுவும் நிலைத்திருக்காது என்றே நினைக்கிறேன்.

மேல் சுவருக்கான கல் தெற்கே சுமார் 20 மைல் தள்ளியிருக்கும் லிட்டில் காட்டன்வுட் மலையிடுக்கிலிருந்து வந்தது. ஊரில் எல்லோரும் கிரானைட் என்பார்கள், நிலவியல்படி அது குவார்ட்ஸ் மான்சோனைட். முதலில் மாட்டு வண்டியில் இழுத்தார்கள், 1873இல் ரயில் பாதை வந்த பிறகுதான் வேலை சூடுபிடித்தது. 1893 ஏப்ரல் 6 அன்று அப்போதைய சபைத் தலைவர் வில்ஃபர்ட் வுட்ரஃப் ஆலயத்தை அர்ப்பணித்தபோது மூலைக்கல் வைத்துச் சரியாக 40 வருடம் ஆகியிருந்தது. யங் 1877இலும் ஏஞ்சல் 1887இலும் இறந்துவிட்டார்கள், இருவருமே முடிந்த ஆலயத்தைப் பார்க்கவில்லை.

வெளிச்சுவரை அடியிலிருந்து மேலே பார்த்துக்கொண்டே போனால் பூமி, சந்திரன், சூரியன் என்று கல்லில் செதுக்கி ஏற்றியிருப்பது தெரியும். சந்திரன் எல்லாம் ஒரே மாதிரி கிடையாது, வளர்பிறை தேய்பிறை என்று மாறி மாறி வரும். அதற்கும் மேலே நட்சத்திரங்கள். மேற்குப் பக்க நடுக் கோபுரத்தில் சப்தரிஷி மண்டலம் இருக்கிறது, வழி தவறியவர்கள் துருவ நட்சத்திரத்தைக் கண்டுபிடிக்க உதவுவதால். உள்ளே படைப்பு, ஏதேன் தோட்டம், உலகம் என்று அறை அறையாகச் சுவரோவியம் தீட்டியிருந்தார்கள், அதற்காகவே 1890இல் ஓவியர்களைப் பாரிஸுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். 2019 கடைசியில் தொடங்கிய புதுப்பிப்பில் அந்த ஓவியங்களை எடுத்துவிட்டது எனக்குப் பெரிய வருத்தம். கட்டுரையில் அதற்கு ஒரு பத்தியாவது வேண்டும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். நகரத்தை ஒட்டியே, நிலநடுக்கத்தை உண்டாக்கக்கூடிய வசாட்ச் நிலப்பிளவு ஓடுகிறது. ஆலயத்தை 2019 டிசம்பர் கடைசியில் மூடிப் புதுப்பிப்பு வேலையைத் தொடங்கினார்கள், மூன்று மாதம்கூட ஆகவில்லை, 2020 மார்ச் 18 காலை 5.7 அளவில் நிலநடுக்கம். கிழக்குக் கோபுர உச்சியில் நிற்கும் மொரோனை தேவதூதரின் பொன்பூச்சுச் சிலையின் கையிலிருந்து எக்காளம் விழுந்துவிட்டது. வேலையின் முக்கியப் பகுதியே கடைக்காலுக்கு அடியில்தான்: பழைய கடைக்காலுக்குக் கீழே பக்கவாட்டில் குழாய்களைச் செலுத்தி, கான்கிரீட்டால் நிரப்பி, புதுக் கடைக்கால் ஒன்றை உருவாக்கி, இரண்டுக்கும் நடுவில் 98 ஐசோலேட்டர்களை வைத்துக் கட்டடத்தின் எடையை அவற்றின் மேல் இறக்குவது. நிலம் அசையும்போது கீழ்ப்பகுதி நிலத்தோடு போகும், மேலே கட்டடம் அதே வேகத்தில் போகாமல் மெதுவாக ஊசலாடும்.

ஆக, இந்தக் கருவி நிலநடுக்கத்தைத் தடுப்பதில்லை. தடுப்பான் என்று எழுதினால் அது பொய்த் தகவல். ‘தனிமைப்படுத்தி’ கொரோனாவுக்குப் பிறகு நோயாளியை மட்டுமே நினைவூட்டுகிறது. ‘அதிர்வுதாங்கி’ நல்ல சொல், ஆனால் வண்டியின் ஷாக் அப்சார்பருக்கு ஏற்கெனவே வழங்குகிறது, ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் மாணவர்கள்தான் குழம்புவார்கள். இந்தக் கருவி செய்வது இரண்டு வேலை: எடையைத் தாங்குகிறது, கட்டடத்தை நிலத்தின் அசைவிலிருந்து பிரிக்கிறது. சுமைதாங்கி, இடிதாங்கி இரண்டும் நம் வாயில் புழங்குகிற சொற்கள், பேரிங்கையும் தாங்கி என்றுதான் பொறியியல் நூல்களில் எழுதுகிறோம். அந்த வரிசையில் ‘பிரிதாங்கி’ இயல்பாக உட்காரும். இந்தக் கருவிகளை வைத்துக் கட்டும் முறைக்கு ‘கடைக்கால் பிரிப்பு’ என்று வைத்துக்கொள்ளலாம்.

‘நழுவுதாங்கி’ என்றும் யோசித்தேன். ஆனால் அது குழிந்த எஃகுத் தட்டில் வழுக்கும் வகைக்கு மட்டும்தான் பொருந்தும். அதே ஊரில் 1989இல் நகர, கவுன்டி அலுவலகக் கட்டடத்துக்கு அடியில் நானூறுக்கும் மேற்பட்ட ஐசோலேட்டர்களை வைத்தார்கள், அவை ரப்பர் அடுக்குகள், அவை நழுவுவதில்லை, நெளிகின்றன. அதனால் பொதுப்பெயர் பிரிதாங்கி, உள்வகைகளுக்கு நழுவு பிரிதாங்கி, ரப்பர் பிரிதாங்கி என்று பிரித்துக்கொண்டால் போதும்.

‘தேவாலயம்’ என்ற சொல்லையும் கட்டுரையில் தவிர்த்துவிடுங்கள். ஞாயிறு வழிபாடு நடக்கும் இடம் வேறு, அதற்குச் சபைக்கூடம் என்று போடலாம். ஞாயிற்றுக்கிழமை ஆலயம் மூடியிருக்கும், திருமண முத்திரிப்பு (தம்பதியரை என்றென்றைக்குமாக இணைக்கும் சடங்கு), இறந்தவர்களுக்காகப் பெறும் ஞானஸ்நானம் போன்ற சடங்குகள்தான் அங்கே நடக்கும்.

இன்னும் ஒன்று பாக்கி. கட்டடம் ஊசலாட வேண்டுமென்றால் சுற்றிலும் மண்ணில் முட்டாதபடி இடைவெளி விட வேண்டும். ஆங்கிலத்தில் அதை மோட் என்பார்கள் என்பதற்காக அகழி என்று எழுதினால் கோட்டையும் முதலையும்தான் நினைவுக்கு வரும். ‘அசைவிடம்’ என்று வைக்கலாமா? பிரிதாங்கி, அசைவிடம் இரண்டுக்கும் மறுப்பு இருந்தால் எழுதுங்கள், கட்டுரையைப் பதிவேற்றுவதற்கு முன் மாற்றிவிடலாம்.